கத்தரிக்காய் நிறப் புழு

அந்த ஆள் என்னுடைய மீனை என் கையிலிருந்து பறித்தார். பறித்தார் என்றால் பறித்தார்தான், அதற்கு வேறு சொல் கிடையாது. களவெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்திருந்தாலும் நான் பேசாமல் இருந்திருப்பேன். மனிசனுக்கு ஆசை, எடுத்தார், தின்றார், முடிந்தது. இவர் என்ன செய்தார்? பறித்து, திரும்பவும் ஏரிக்குள்ளேயே விட்டார். நீங்களே நியாயம் சொல்லுங்கோ தங்கச்சி. இப்படி ஒரு அநியாயத்தை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீங்களோ?

பேர் கேட்காதையுங்கோ. அந்தப் பேரை என் வாயால் சொல்லி ஒரு வருசமாகிறது. வீட்டிலே என் மனிசி மலர் சொல்லுவாள், நான் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவேன். அவளுக்கு அவர் கூடப்பிறந்த தமையன், அவள் சொல்லட்டும். எனக்கு அவர் ‘அந்த ஆள்’. அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் பார்க்காதையுங்கோ. அக்கரையில் ஒன்றும் இல்லை.

நீங்கள் அங்கேயிருந்துதானே சுற்றி வந்தனீங்கள்? ஒன்றும் படவில்லையோ? எப்படிப் படும்? உந்த ரின்னுக்குள்ளே என்ன, மண்புழுவோ? கடையில் வாங்கினதோ? அதை மூடி வையுங்கோ. மண்புழுவுக்குச் சின்ன மீன் வரும், விரலளவு, வந்து நோண்டிவிட்டுப் போகும். பாஸ் மீன் வராது என்று சொல்லவில்லை, வரும். ஆனால் பாஸ் வர முதலே சின்னதுகள் உங்கள் புழுவை முடித்துவிடும்.

இங்கே பாருங்கோ. இது ரப்பர் புழு. தொட்டுப் பாருங்கோ, கடிக்காது. உப்பும் என்னவோ வாசமும் போட்டுச் செய்கிறார்கள். நிறம்? கடைப் பெட்டியில் என்னவோ இங்கிலிசுப் பேர் போட்டிருக்கும். நான் மரக்கறிக் கடைக்காரன், எனக்கு இது கத்தரிக்காய் நிறம். கலங்கின தண்ணிக்கு இதை அடிக்க வேறு நிறம் இல்லை.

சிரிக்கிறீங்கள். சிரியுங்கோ. ஸ்காபரோவில் என்னுடைய கடைக்கு வருகிற சனமெல்லாம் சிரித்தது. ‘தவராசா அண்ணை ரப்பரைக் காட்டி மீனையே பேய்க்காட்டுறார், எங்களை விடுவாரோ?’ என்று முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்கள். எனக்கு முன்னாலேயே. முறிக்காதையுங்கோ என்று சொன்னாலும் முறிப்பார்கள்.

நான் என்ன சொல்லுகிறேன் என்றால், இது ஏமாத்து இல்லை தங்கச்சி, இது வியாபாரம். தூண்டில் முள்ளைப் பாருங்கோ. புழுவின் தலையில் குத்தி, வெளியே எடுத்து, திருப்பி, நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்து வைக்கிறோம். வெளியே ஒன்றும் தெரியாது. பாசிக்குள் போனாலும் சிக்காது, அல்லி இலைக்கு நடுவிலே போனாலும் சிக்காது. தலைக்கு முன்னால் ஒரு சின்ன ஈயம். எறிந்தால் தாழ்ந்துபோய் நிலத்தில் கிடக்கும். பிறகு தூண்டில் தடியின் நுனியை மெல்லத் தூக்கி, மெல்ல விட்டு, சேற்றில் இழுக்க வேண்டும். கல்லில் பட்டால் கல் என்று கைக்குத் தெரியும். மரக்கொம்பு என்றால் கொம்பு என்று தெரியும். ஏரியின் அடி முழுக்க உங்கள் விரலுக்கு வந்துவிடும்.

பாஸ் வந்தால் டக், டக் என்று தட்டும். அவ்வளவுதான். உடனே இழுக்கக் கூடாது. அது வாயில் எடுத்து, உருட்டி, யோசித்து, தனக்குத்தான் என்று முடிவெடுக்க வேண்டும். அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை, ஒரு ஆசையும் இல்லை, நீங்கள் சும்மா காற்று வாங்க வந்தனீங்கள்.

இது நான் சுன்னாகம் சந்தையில் படித்தது. மீசை முளைக்க முதலே வெங்காய மூட்டையோடு அங்கே நின்றவன் நான். பள்ளிக்கூடம் என்னை விட்டதோ நான் அதை விட்டேனோ, இரண்டும் ஒன்றுதான். ஒரு நாள் ஒரு யாவாரியிடம் நல்ல வெங்காயத்தைப் பார்த்துவிட்டுப் பல்லைக் காட்டிவிட்டேன். அவன் அந்த நிமிசமே விலையை ஏற்றினான். என்னை வேலைக்கு வைத்திருந்த முதலாளி சனத்துக்கு நடுவிலே என் காதோடு சேர்த்து ஒன்று போட்டார். ஆசையைக் காட்டாதே. விலை பிடிக்கவில்லையோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு நட. மெல்ல நட. கூப்பிடுவான். அந்த அறையோடு நான் படித்து முடித்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவி, பிறகு கடை போட்டு, விடியமுதல் மொத்தச் சந்தையில் சீனனோடும் இத்தாலியனோடும் மல்லுக்கட்டி இந்த நிலைக்கு வந்ததெல்லாம் அந்த ஒரு பாடத்தில்தான்.

இந்தப் புழு வாங்கினதும் அப்படித்தான். ஒரு வெள்ளைக் கிழவர் வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பெட்டி நிறையப் புழு. சொன்ன விலையில் பாதி கேட்டேன். கிழவர் தலையாட்டினார். திரும்பி நடந்தேன். அந்த ஆள், அன்றைக்கு என்னோடு கூட வந்தவர், வெட்கத்திலே காருக்குள் போய்ச் சீற்றைச் சாய்த்துப் படுத்துவிட்டார். ‘மச்சான், வயசு போன மனிசன், கேட்டதைக் குடுங்கோவன்’ என்றார். அவர் அப்படித்தான். பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர். விலை எழுதி ஒட்டியிருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நன்றி வேறு சொல்லுவார். நான் மெல்ல நடந்தேன். காரின் கதவில் கை வைக்க முதல் கிழவர் கூப்பிட்டார். கத்தரிக்காய் நிறப் புழுவைத் தந்தது மட்டுமில்லை, முள்ளை எப்படி மறைப்பது என்றும் குத்திக் காட்டினார்.

அந்த நாளையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான். படகும் சேர்ந்து வாங்கினது. எறிகிறது நான், துடுப்பும் அத்தாங்கும் அவர். அத்தாங்கு தெரியும்தானே, பிடியுள்ள கைவலை. மீன் படகுக்குக் கிட்ட வரும்போது தண்ணிக்குக் கீழால் விட்டு அள்ளவேண்டும். அந்த வேலைக்கு அவரைப்போல ஒரு ஆள் இல்லை. அதை ஒப்புக்கொள்ளுகிறேன். நான் நியாயமான மனிசன்.

அந்தப் பக்கம் பார்க்காதையுங்கோ என்று சொன்னேன்.

போன ஆனி. பாஸ் பிடிக்க அனுமதி திறக்கிற சனிக்கிழமை. படகு அந்த நாணல் முனைக்குக் கிட்ட, பாருங்கோ, என் நூல் போகிற திசையில்தான். எறிந்தேன். தாழவிட்டேன். தூக்கி விட்டேன். டக். டக்.

‘பொறுங்கோ மச்சான்’ என்றார் அவர். நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘பொறுங்கோ. பொறுங்கோ. நூல் பக்கத்தாலே போகட்டும்.’ நூல் நகரத் தொடங்கிச்சு. ‘இப்ப!’ என்றார். இழுத்தேன். கவனியுங்கோ, இழுத்தது நான்.

தங்கச்சி, அது கிளம்பினது மீன் மாதிரி இல்லை. தண்ணி வெடித்தது. தலையை உதறிக்கொண்டு மேலே வந்ததே, அந்த வாய்! சோற்றுப் பானை வாய். என் கை முட்டிவரைக்கும் போகும். வெள்ளையர் லார்ஜ்மவுத் என்று சொல்லுவது சும்மா இல்லை. படகைச் சுற்றி இழுத்துது, பாசிக்குள் ஓடிச்சுது, தடி வளைந்து தண்ணியில் தொட்டுது. கடைசியில் அவர் அத்தாங்கைப் போட்டு அள்ளினார். அள்ளினது மட்டும்தான் அவர்.

நான் கீழ்த்தாடையில் பெருவிரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். என் கடைக்கு வருகிற ஒருத்தரும் அப்படி ஒன்றைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டினம். ‘படம் எடுங்கோ’ என்றேன். என் ஃபோன் கரையில் காருக்குள். அவர் தன்னுடையதை எடுத்தார்.

முதல் படத்தில் என் தலை பாதிதான். இரண்டாவதில் கண் மூடியிருந்தது. மீனின் கண் இல்லை, என்னுடையது. பிறகு பார்த்தால் சூரியன் பின்னாலே, என் முகம் கரிக்கட்டை. படகைத் திருப்பச் சொன்னேன். திருப்பினார். பிறகு மலருக்கு வீடியோக் கோல் எடுக்கச் சொன்னேன், அவள் எடுக்கவில்லை, திரும்ப எடுக்கச் சொன்னேன். ‘மச்சான், விடுங்கோ, சாகப்போகுது’ என்கிறார். ‘ஒரு நிமிசம்’ என்றேன். ‘நிறையச் சினையோட திரியிற தாய் மீன் மச்சான், செவுளைப் பாருங்கோ, அசையேல்லை’ என்கிறார். ஒரு நிமிசம்தானே கேட்டேன்? என் வாழ்க்கையில் அந்த ஆளிடம் நான் கேட்டது ஒரு நிமிசம்!

ஃபோனைப் படகின் விளிம்பில் வைத்தார். எழும்பி வந்தார். இரண்டு கையாலும் மீனைப் பறித்தார். குனிந்து, தண்ணிக்குள்ளே வைத்து, குழந்தைக்குத் தடவுகிற மாதிரி வயிற்றைத் தாங்கி, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம்! என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்க்கவில்லை. மீன் வாலை ஒரு அடி அடித்தது. போயிற்று. அந்த மனிசன் சிரித்தார் தங்கச்சி. என் மீன் போனதற்குச் சிரித்தார்.

அப்பதான் என் கை பட்டது.

கைதான் பட்டது. கதைக்கும்போது கையை வீசுவது என் பழக்கம், கடையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஃபோன் விளிம்பிலே இருந்தது. யார் வைக்கச் சொன்னது விளிம்பிலே? தண்ணிக்குள் போயிற்று. என் படங்களும் அதோடு போயிற்று. நட்டம் எனக்குத்தான். மீனும் இல்லை, படமும் இல்லை. ‘ரப்பர் புழுவிலே பிடித்தேன்’ என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

அவர் தண்ணியையே பார்த்துக்கொண்டு இருந்தார். கரைக்குத் துடுப்புப் போட்டார். நான் இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்கு நடந்தேன். மெல்லத்தான் நடந்தேன். எவ்வளவு மெல்ல நடக்கலாமோ அவ்வளவு மெல்ல.

கூப்பிடவில்லை.

என்ன? ஓ, அவர் ஏன் கூப்பிடவில்லை என்றோ கேட்கிறீங்கள். சொல்லுகிறேன், மறைக்க என்ன இருக்கு. அந்த ஃபோனுக்குள் அவருடைய மனிசியின் குரல் இருந்ததாம். லோகா. நல்ல பிள்ளை, புற்றுநோயிலே போனாள். அவள் விட்ட ஒரு செய்தி. பெரிய செய்தி ஒன்றும் இல்லை. ‘வரேக்கை கருவேப்பிலை கொஞ்சம், பச்சைமிளகாய், எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வாங்கோ. தவராசா அண்ணை காசு வாங்கமாட்டார், நீங்கள் மேசையில வைச்சிட்டு ஓடி வந்திடுங்கோ. குடையை மறக்காதையுங்கோ.’ அவ்வளவுதான். கடைசியில் ஒரு இருமல். ஒவ்வொரு சனிக்கிழமையும் படகைத் தள்ள முதல் அதைப் போட்டுக் கேட்பார். நான் ஈயம் கட்டிக்கொண்டிருப்பேன். எனக்கும் பாடமாகிவிட்டது. இப்பவும் சில நேரம் கடையில் கருவேப்பிலை கட்டும்போது அந்த இருமல் வரைக்கும் வந்து நிற்கும்.

அதற்கு நானோ பொறுப்பு? அப்படி ஒரு சாமானை ஒரே இடத்திலோ வைத்திருக்கிறது? நான் கடைச் சாவியையே மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். மலர் என்னைப் பார்த்துக் கேட்டாள், ‘உங்களுக்கு நெஞ்சுக்குள்ள என்ன இருக்கு, தராசுப் படிக்கல்லோ?’ என்று. அவள் தன் தமையனுக்குத்தான் கதைப்பாள்.

படகு அவர் வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டுக் கிடக்கிறது. நான் கேட்க மாட்டேன், அவர் தர மாட்டார். இப்போது அந்த வீட்டுக்கு முன்னால் விற்பனைப் பலகையும் நட்டாயிற்று. கல்கரியில் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். வருகிற கிழமை பயணம். போகட்டும். நான் மறித்தேனோ? ஒரு ஆளும் என்னிடம் வந்து சொல்லவில்லை, மலர் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அதென்ன கேள்வி? ஏன் ஒரே இடத்திலே எறிகிறேன் என்றால், அங்கே மீன் இருக்கு. நீங்கள் வந்து இவ்வளவு நேரத்திலே படவில்லை என்றால் இல்லை என்றாகுமோ? ஓம், பாசி இல்லை. ஓம், அல்லியும் இல்லை. வெறும் சேறுதான். சேற்றிலும் மீன் வரும். எறிந்த இடம் எனக்கு நல்லாத் தெரியும். விழுந்த இடம். அந்த நாணல் முனைக்கும் அந்தச் சரிந்த மரத்துக்கும் நடுவிலே. போன மாதம் ஒன்று தட்டுப்பட்டது, தட்டையாக, கல் மாதிரி இல்லை, வழுக்கிச்சு. மெல்ல மெல்லச் சுற்றி இழுத்தேன். கொண்டுவந்து பார்த்தால் நசிந்த பியர் ரின். ஃபோன் திருத்துகிற பெடியன் சொல்லுகிறான், ஒரு வருசம் தண்ணிக்குள் கிடந்தால் ஒன்றும் வராது ஐயா, சும்மா மினக்கெடாதையுங்கோ என்று. அவனுக்கு என்ன தெரியும்! இருபது வயசு. மூன்று கடையிலே கேட்டேன், மூன்று பேரும் அதே பாட்டு.

நான் மீன்தான் பிடிக்கிறேன். என்னை அப்படிப் பார்க்காதையுங்கோ.

சரி, உங்கள் தடியைத் தாருங்கோ, ஒரு புழுக் கட்டித் தருகிறேன். என்ன, உங்களிடமே இருக்கோ? எங்கே, எடுங்கோ பார்ப்போம்.

இது எங்கே வாங்கினது?

தங்கச்சி, இந்த நிறம் இப்போது கடையில் இல்லை. அந்தக் கிழவரின் பெட்டியில் இருந்தது. பாதி என்னிடம், மற்றப் பாதி படகுக்குள். யார் தந்தது?

ஓகோ. அக்கரையில் குடைக்குக் கீழே இருக்கிறவர் தந்தாரோ. நீங்கள் இவ்வளவு நேரம் அதைப் பற்றி வாயைத் திறக்காமல் நான் சொல்லுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள், என்ன? நீங்கள் சந்தையில் நின்றிருந்தால் நல்லாய் வந்திருப்பீங்கள்.

என்ன சொல்லித் தந்தார்? சொன்னபடியே சொல்லுங்கோ, ஒரு சொல்லும் குறைக்காதையுங்கோ. ‘இதைக் கட்டத் தெரிஞ்சவர் அங்கால நிக்கிறார். ரப்பர் புழுவில அவரை அடிக்க ஆளில்லை. கொஞ்சம் கத்துவார், பயப்பிடாதையுங்கோ.’

கத்துவாராம். நான் எங்கே கத்தினேன்? நான் கத்தினேனோ?

அவரை அடிக்க ஆளில்லை என்றோ சொன்னார்? அவர் வாயாலோ?

பொறுங்கோ, இந்த நூல் சிக்கிக்கொண்டது. இல்லை, கண்ணுக்குள் ஒன்றும் இல்லை, இந்தக் காற்று. நில்லுங்கோ.

சரி. கேளுங்கோ. நீங்கள் திரும்பிப் போகும்போது அந்த ஆளிடம் சொல்லவேண்டும். நான் இலேசாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்று முதலே சொல்லுங்கோ. கோயில் மண்டபத்திலே, ஊர்ச் சனத்துக்கு முன்னால், ‘மச்சானின்ர மீனை நான் பறிச்சது பிழை’ என்று ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லவேண்டும். அவ்வளவு பெரிய மீன் என்பதையும் சொல்லவேண்டும், கையை விரித்துக் காட்டி.

ஏன் சிரிக்கிறீங்கள்? அடுத்த கிழமை பயணமோ. ஓம், மண்டபம் எடுக்க நாள் காணாது. சரி, மண்டபம் வேண்டாம். என் கடைக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமைச் சனம் நிற்கும்போது வந்து, அந்த முருங்கைக்காய் முறிக்கிறவர்களுக்கு முன்னால் சொல்லட்டும்.

அதுவும் வரமாட்டார் என்கிறீங்கள். உங்களுக்கு அவரை எவ்வளவு நாள் பழக்கம், ஒரு காலையோ? எனக்கு முப்பது வருசம். வரமாட்டார்தான். சனத்துக்கு முன்னால் நின்றால் தண்ணி தாருங்கோ என்று கேட்கவும் வாய் வராது அவருக்கு. சரி, ஃபோன் எடுத்துச் சொல்லட்டும். புது ஃபோன் இருக்கும்தானே. ஒரு சொல்லு, ‘பிழை’ என்று. நான் ‘சரி’ என்பேன். வைத்துவிடலாம்.

நான் ஏன் முதல் எடுக்க வேண்டும்? பறித்தது யார்? முதல் கூப்பிடுகிறவன் தோற்றான், இது உலகம் முழுக்க ஒரே சட்டம்.

அனுப்பினவர் அவர்தானே என்கிறீங்களோ. உங்களை அனுப்பினது கூப்பிட்டதாகுமோ? அப்படி வருமோ? தங்கச்சி, நீங்கள் கரவெட்டியோ? நினைத்தேன். அந்தப் பக்கத்துச் சனத்தோடு பேரம் பேசி நான் எப்போதாவது வென்றிருக்கிறேனோ.

எழும்பிவிட்டாரோ? வடிவாகப் பாருங்கோ, எனக்கு இந்தத் தூரத்துக்குக் கண் கொஞ்சம் மங்கல். கதிரையை மடிக்கிறாரோ? குடையைச் சுருக்கினாரோ?

சரி சரி. கெதியாகப் போங்கோ. ஃபோனும் வேண்டாம். ‘பிழை’ என்ற சொல்லும் வேண்டாம், அதை அவரே வைத்திருக்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். அந்த நடைபாதையாலே சுற்றி, தன் காலாலே நடந்து வரவேண்டும். அத்தாங்கைக் கொண்டு வரவேண்டும், காருக்குள்தான் கிடக்கும், அவர் அதை எடுத்து வெளியே வைத்திருக்க மாட்டார். வந்து இந்த இடத்திலே, என் பக்கத்திலே நிற்கவேண்டும். நான் எறிகிறேன். ‘பொறுங்கோ’ என்று சொல்லட்டும், பொறுக்கிறேன். வந்தால் அவரே அள்ளட்டும், அவரே பிடிக்கட்டும், உடனேயே விடட்டும். படம் வேண்டாம். படம் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கோ, அதை மறக்காதையுங்கோ.

கருவேப்பிலை, பச்சைமிளகாய், எலுமிச்சம்பழம், குடை வரைக்கும் எனக்குத் தெரியும் என்றும் சொல்லுங்கோ. அந்த ஆள் கேட்டால் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

இதற்குக் கீழே ஒரு சதமும் இறங்க மாட்டேன். வரச்சொல்லுங்கோ. எனக்கு அவர் செய்த அநியாயத்துக்கு வந்து ஒரு முடிவு சொல்லட்டும். ஓடுங்கோ தங்கச்சி, உங்கள் தடியை நான் பார்க்கிறேன். ஓடுங்கோ, அந்தாள் காரின் கதவைத் திறக்கிறார்!